இளம் சதுரங்க மேதைகளின் எதிர்காலத்தைக் கணித்தல்

இளம் சதுரங்க மேதைகளின் எதிர்காலத்தைக் கணித்தல் என்பது, சிறு வயதிலேயே உயர்ந்த ஆட்டத்திறனை வெளிப்படுத்தும் இருவர் அல்லது பலருள் யார் பிற்காலத்தில் பெரிய வெற்றிகளை அடைவார் என முன்கூட்டியே மதிப்பிட முயல்வதாகும். பட்டம் பெற்ற வயது, எலோ தரப்புள்ளி, வயதுப் பிரிவு வாகையர் பட்டங்கள், பயிற்சியாளர்களின் கருத்து ஆகியன இதற்குப் பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவைகள். ஒரு சிறுவர் வலிமையான ஆட்டக்காரராக வளர்வாரா என்பதை இவ்வளவைகள் ஓரளவு சரியாகக் காட்டுகின்றன. ஆனால் ஏறத்தாழச் சமமான திறன் கொண்ட இருவருள் முந்தப்போவது யார் என்ற கேள்விக்கு இவை நம்பத்தகுந்த விடை தருவதில்லை.

தமிழ்நாட்டில் இக்கேள்வி ர. பிரக்ஞானந்தா, தொ. குகேஷ் ஆகிய இருவரையும் முன்னிட்டுப் பெரிதும் பேசப்பட்டது. இருவரும் சென்னையில் ஒன்பதரை மாத இடைவெளியில் பிறந்தவர்கள். வேலம்மாள் கல்விக் குழுமப் பள்ளிகளில் பயின்றவர்கள். பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குரிய தகுதியை நிறைவு செய்தவர்கள். 2016 முதல் 2025 வரையிலான காலத்தில் இவர்களுள் முன்னிலையில் இருந்தவர் பலமுறை மாறியுள்ளார்.

பின்னணி

மயிலாடுதுறையில் 1969 ஆம் ஆண்டு பிறந்த விசுவநாதன் ஆனந்த், சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகினார். 1987 இல் உலக இளையோர் வாகையர் பட்டத்தை வென்ற அவர், 1988 இல் தமது 18 ஆவது வயதில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டத்தை வென்றார். இன்றைய நிலையில் 18 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும் ஒருவரை எவரும் மேதை என அழைப்பதில்லை. ஆனந்த் வளர்ந்த காலத்தில் இந்தியாவில் அவருக்கு முன் கிராண்ட்மாஸ்டர் எவரும் இல்லை. கணினிச் செயலிகளும் தரவுத்தளங்களும் இல்லை. எனவே பட்டம் பெற்ற வயதை வெவ்வேறு தலைமுறையினருக்கு இடையே ஒப்பிடுவது பொருந்தாது.

ஆனந்தின் வெற்றிகளைத் தொடர்ந்து சென்னையில் பயிற்சிக்கூடங்கள் பெருகின. கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ், தம் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் இணைந்து நடத்திவரும் சதுரங்க குருகுலம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் ரமேஷிடம் பயின்றவர்கள். குகேஷ் 2017 முதல் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்றார்.

கணிப்புக்குப் பயன்படும் அளவைகள்

பட்டம் பெற்ற வயது

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே வழங்குகிறது. அதற்கு ஒருவர் பொதுவாக 2600 புள்ளிகளுக்கு நிகரான ஆட்டத்தை மூன்று போட்டிகளில் வெளிப்படுத்தி, ‘நார்ம்’ எனப்படும் மூன்று தகுதிப்படிகளைப் பெறவேண்டும். இவை மொத்தம் 27 ஆட்டங்களையாவது கொண்டிருக்கவேண்டும். மேலும் ஒருமுறையேனும் 2500 தரப்புள்ளிகளை எட்டியிருக்கவேண்டும்.

தகுதிப்படி கிடைக்கக்கூடிய போட்டியில் போதிய எண்ணிக்கையில் பட்டம் பெற்ற வீரர்களும், பொதுவாக வெளிநாட்டு வீரர்களும் எதிராளிகளாக அமையவேண்டும். இதனால் பட்டம் பெறும் வயது திறனை மட்டும் சார்ந்ததன்று; வெளிநாடுகளுக்குச் சென்று எத்தனை போட்டிகளில் ஆட முடிகிறது என்பதையும் சார்ந்துள்ளது. பிரக்ஞானந்தாவுடன் அவருடைய தாயும், குகேஷுடன் அவருடைய தந்தையும் போட்டிகளுக்குத் தொடர்ந்து பயணம் செய்தனர். அறுவை மருத்துவரான குகேஷின் தந்தை இதற்காகத் தம் மருத்துவப் பணியை நிறுத்திவைத்தார்.

சிலர் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டிய ஆண்டும் வயதும் பின்வருமாறு:

* செர்கே கர்யாக்கின் (2002): 12 ஆண்டு, 7 மாதம்
* மாக்னஸ் கார்ல்சன் (2004): 13 ஆண்டு, 4 மாதம்
* பரிமார்ஜன் நேகி (2006): 13 ஆண்டு, 4 மாதம்
* டிங் லிரென் (2009): 16 ஆண்டு
* வெய் யி (2013): 13 ஆண்டு, 8 மாதம்
* ர. பிரக்ஞானந்தா (2018): 12 ஆண்டு, 10 மாதம்
* நிகால் சரின் (2018): 14 ஆண்டு, 1 மாதம்
* அர்ஜுன் எரிகைசி (2018): 14 ஆண்டு, 11 மாதம்
* தொ. குகேஷ் (2019): 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள்
* அபிமன்யு மிஸ்ரா (2021): 12 ஆண்டு, 4 மாதம்

இப்பட்டியலில் உலக வாகையர் பட்டத்தை வென்றவர்கள் கார்ல்சன், டிங் லிரென், குகேஷ் ஆகியோர். இம்மூவரில் டிங் லிரென் பட்டியலில் உள்ள அனைவரிலும் மிகத் தாமதமாகப் பட்டம் பெற்றவர்.

எலோ தரப்புள்ளி

அர்பாத் எலோ உருவாக்கிய தரப்புள்ளி முறை இரு வீரர்களுக்கு இடையிலான புள்ளி வேறுபாட்டைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது. வேறுபாடு 200 எனில் வலியவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 மதிப்பெண் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகிறது. வேறுபாடு 100 எனில் 64. வேறுபாடு 20 எனில் 53 மட்டுமே. உலகின் முன்னணி இளம் வீரர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கடைசி அளவிலேயே இருக்கும். அதாவது, இருவருள் யார் மேலானவர் என்பதை ஒரு போட்டியின் முடிவைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

சிறுவர்களின் தரப்புள்ளி அவர்களுடைய உண்மையான வலிமைக்குப் பின்தங்கியிருப்பது மற்றொரு சிக்கல். இதைச் சரிசெய்ய, 18 வயதுக்கு உட்பட்டு 2300 புள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் ‘கே’ எனப்படும் பெருக்கெண் 40 ஆக வைக்கப்பட்டுள்ளது. அவர்கள் தமக்கு நிகரானவரை வென்றால் 20 புள்ளிகள் ஏறும். 2400 ஐ எட்டியவருக்குப் பெருக்கெண் 10. அதே வெற்றிக்கு 5 புள்ளிகளே கிடைக்கும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்றால் போட்டிகள் நின்றபோது, சிறுவர்கள் இணையத்தில் ஆடி வலிமை பெற்றும் அவர்களின் புள்ளிகள் உறைந்திருந்தன.

வயதுப் பிரிவுப் போட்டிகள்

உலக இளையோர் வாகையர் போட்டிகள் 8 வயது முதல் 18 வயது வரையிலான பிரிவுகளில் நடத்தப்பட்டுவந்துள்ளன. பிரக்ஞானந்தா 2013 இல் 8 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும், 2015 இல் 10 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும், 2019 இல் 18 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் வென்றார். குகேஷ் 2018 இல் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வென்றார். பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு 2019 இன் முடிவில் கணித்திருந்தால் பிரக்ஞானந்தாவையே தேர்ந்திருக்கவேண்டும்.

கார்ல்சன், கர்யாக்கின் ஒப்பீடு

கார்ல்சனும் கர்யாக்கினும் 1990 ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை கர்யாக்கினிடம் 2021 வரை இருந்தது. எனினும் கார்ல்சன் 2013 இல் சென்னையில் ஆனந்தை வென்று உலக வாகையர் ஆகி, மேலும் நான்கு முறை அப்பட்டத்தைத் தக்கவைத்தார். 2016 இல் நியூயார்க்கில் இருவரும் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, பன்னிரண்டு ஆட்டங்களின் முடிவில் 6–6 எனச் சமநிலை நிலவியது. விரைவு ஆட்டங்களிலேயே கார்ல்சன் வென்றார்.

2022 இல் உக்ரைன் மீதான படையெடுப்பை ஆதரித்துப் பேசியமைக்காகக் கர்யாக்கின் ஆறு மாதம் தடை செய்யப்பட்டு, உலகப் பட்டத்துக்கான அறைகூவலாளரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடும் வாய்ப்பை இழந்தார். அவ்விடம் டிங் லிரெனுக்குச் சென்றது. டிங் அப்போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். கார்ல்சன் பட்டத்தைக் காக்க விரும்பாமல் விலகியதால், முதலிரு இடங்களைப் பெற்றவர்கள் மோதினர். 2023 இல் டிங் உலக வாகையர் ஆனார். இத்தொடர் நிகழ்வில் எந்த ஒன்றையும் தரப்புள்ளிகளைக் கொண்டு முன்னறிந்திருக்க இயலாது.

பிரக்ஞானந்தா, குகேஷ் ஒப்பீடு

2016–2019

பிரக்ஞானந்தா 2005 ஆகஸ்ட் 10 அன்றும் குகேஷ் 2006 மே 29 அன்றும் பிறந்தனர். 2016 இல் பிரக்ஞானந்தா 10 ஆண்டு, 10 மாத வயதில் உலகின் மிக இளைய சர்வதேச மாஸ்டர் ஆனார். 2018 மார்ச்சுக்குள் கிராண்ட்மாஸ்டர் ஆகிக் கர்யாக்கினின் சாதனையை முறியடிப்பார் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அவ்வாண்டு சூன் 23 அன்று இத்தாலியில் நடந்த போட்டியில் அவர் தகுதி பெற்றார். அப்போது உலகின் இரண்டாவது இளைய கிராண்ட்மாஸ்டர் அவரே. ஏழு மாதங்களுக்குள், 2019 சனவரி 15 அன்று, குகேஷ் அந்த இரண்டாமிடத்தைப் பெற்றார். கர்யாக்கினின் சாதனையை அவர் 17 நாட்களில் தவறவிட்டார்.

2022–2023

2022 பிப்ரவரியில் இணையவழி விரைவுப் போட்டியொன்றில் பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்தது உலகச் செய்தியானது. அதே ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட்டில், இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடிய குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். முடிவில் 11 ஆட்டங்களில் 9 மதிப்பெண் பெற்றுத் தனிநபர் தங்கப் பதக்கம் பெற்றார். பிரக்ஞானந்தாவும் அதே அணியில் இடம்பெற்றிருந்தார். அணி வெண்கலம் வென்றது.

2023 ஆகஸ்டில் பாக்கு நகரில் நடந்த உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா நக்கமுராவையும் கருவானாவையும் வெளியேற்றி இறுதிச் சுற்றை அடைந்து, கார்ல்சனிடம் விரைவு ஆட்டங்களில் தோற்றார். இதன்மூலம் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். காலிறுதியில் கார்ல்சனிடம் தோற்ற குகேஷுக்கு அவ்வழி அடைபட்டது. ஆனால் அடுத்த மாதமே, 1986 முதல் ஆனந்திடம் இருந்த இந்தியாவின் முதல் தரநிலையைக் குகேஷ் பெற்றார்.

2024–2025

2023 டிசம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சென்னையில் கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. ஏழு சுற்றுகளின் முடிவில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சம மதிப்பெண் பெற்றனர். சமன்முறிப்பு விதிப்படி முதலிடம் பெற்ற குகேஷுக்குக் கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசி இடங்களுள் ஒன்று கிடைத்தது.

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த அப்போட்டிக்கு முன், குகேஷ் வெல்வதைத் தம்மால் எண்ணிப்பார்க்க இயலவில்லை எனக் கார்ல்சன் கருத்துத் தெரிவித்திருந்தார். குகேஷ் ஐந்து வெற்றி, எட்டுச் சமநிலை, ஒரு தோல்வியுடன் 9 மதிப்பெண் பெற்று முதலிடம் பிடித்தார். அடுத்த மூவரும் அரை மதிப்பெண்ணே பின்தங்கியிருந்தனர். பிரக்ஞானந்தா 7 மதிப்பெண்ணுடன் ஐந்தாமிடம் பெற்றார்.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார். இதற்கு முன் 1985 இல் காஸ்பரோவ் 22 வயதில் வென்றதே சாதனையாக இருந்தது. கடைசியான பதினான்காவது ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, டிங் 55 ஆவது நகர்த்தலில் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். அத்தவறு நிகழாதிருந்தால் பட்டம் விரைவு ஆட்டங்களில் முடிவாகியிருக்கும்.

எட்டு வாரங்களுக்குள் நிலைமை மீண்டும் மாறியது. 2025 பிப்ரவரி 2 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் சே நகரில் இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். சமன்முறிப்பு ஆட்டங்களில் பிரக்ஞானந்தா குகேஷை வென்றார். அவ்வாண்டு புக்கரெஸ்டிலும் தாஷ்கண்டிலும் நடந்த போட்டிகளையும் வென்ற அவர், ஆண்டு முழுவதும் பெற்ற புள்ளிகளின் அடிப்படையில் 2026 கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். குகேஷ் அவ்வாண்டு நார்வேயில் கார்ல்சனை வென்றபோதும், கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் சுற்றிலேயே வெளியேறினார்.

வேறு எடுத்துக்காட்டுகள்

பரிமார்ஜன் நேகி: தில்லியைச் சேர்ந்த இவர் 2006 இல் உலகின் இரண்டாவது இளைய கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2012 இல் ஆசிய வாகையர் பட்டத்தை வென்றார். 2014 ஒலிம்பியாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பின்னர் உயர்கல்வியைத் தேர்ந்து அமெரிக்கா சென்று கணினி அறிவியலில் ஆய்வு மேற்கொண்டார். இவரது திறன் குன்றியதாகக் கூற இயலாது. வாழ்க்கைத் தேர்வு மாறியது.

அர்ஜுன் எரிகைசி: வாரங்கல்லைச் சேர்ந்த இவர், பிரக்ஞானந்தா, நிகால் சரின் ஆகியோருக்குப் பின்னரே கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரக்ஞானந்தாவிடம் மிக நெருக்கமாகத் தோற்றதாலும், சென்னைப் போட்டியின் சமன்முறிப்பாலும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம்பெறவில்லை. எனினும் அவ்வாண்டு டிசம்பர் தரவரிசையில் 2801 புள்ளிகளுடன், ஆனந்துக்குப் பின் 2800 ஐ எட்டிய இரண்டாவது இந்தியர் ஆனார்.

அலிரேசா பிரூஜா: ஈரானில் பிறந்து பிரான்சுக்காக ஆடும் இவர் 2021 இல் 18 வயதில் 2800 புள்ளிகளை எட்டினார். உலகப் பட்டத்துக்கு இவர் அறைகூவலாளராக வந்தால் மட்டுமே தாம் மீண்டும் ஆடக்கூடும் என்ற பொருளில் கார்ல்சன் அப்போது பேசினார். ஆனால் 2022, 2024 ஆம் ஆண்டுகளின் கேண்டிடேட்ஸ் போட்டிகளில் பிரூஜா வெற்றி பெறவில்லை.

ஆய்வு முடிவுகள்

சதுரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாவதாலும் திறன் எண்ணால் அளக்கப்படுவதாலும், உளவியலாளர்கள் இவ்விளையாட்டை நெடுங்காலமாக ஆய்ந்துவருகின்றனர்.

பெர்னாந்து கோபே, கில்லெர்மோ காம்பிதெல்லி ஆகியோர் அர்கெந்தீன வீரர்களிடம் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை அடைய ஒருவருக்குச் சுமார் 3,000 மணிநேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது; மற்றொருவருக்கு 23,000 மணிநேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. பயிற்சி இன்றியமையாதது என்றாலும், அதன் அளவை மட்டும் கொண்டு பயனைக் கணிக்க இயலாது என்பது இதன் முடிவு.

அதே ஆண்டு மெரிம் பிலாலிச்சும் பிறரும் இங்கிலாந்துச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில், சிறுவர்கள் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது நுண்ணறிவு ஈவுக்கும் ஆட்டத்திறனுக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆனால் மிகச் சிறந்த சிறுவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது அத்தொடர்பு எதிர்மறையாக இருந்தது. அக்குழுவில் நுண்ணறிவு ஈவு குறைந்தோர் கூடுதலாகப் பயிற்சி செய்திருந்தனர்.

ஆர்னே கியூலிச் உள்ளிட்டோர் 2025 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, இளையோரில் உலகின் முதல் பத்து இடங்களில் இருந்த சதுரங்க வீரர்களும், பின்னாளில் பெரியோரில் முதல் பத்து இடங்களை அடைந்தவர்களும் ஏறத்தாழ 90 விழுக்காடு வெவ்வேறு நபர்கள் ஆவர்.

கணிப்பு தவறுவதற்கான காரணங்கள்

வேறுபாட்டின் சிறுமை: உச்ச நிலையில் உள்ளோர் அனைவரும் கடும் வடிகட்டலைக் கடந்து வந்தவர்கள். அவர்களைப் பொதுமக்களிடமிருந்து பிரித்துக்காட்டிய அளவைகள், அவர்களுக்குள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டப் போதுமானவை அல்ல.

வளர்ச்சி சீராக அமையாமை: சிலர் 13 வயதில் விரைந்து ஏறிப் பின்னர் தேங்குகின்றனர், சிலர் 19 வயதில் ஏறத் தொடங்குகின்றனர். சீனாவின் வெய் யி 15 வயதில் 2700 புள்ளிகளை எட்டி, அக்காலத்தில் அவ்வெல்லையைக் கடந்தவர்களில் மிக இளையவர் ஆனார். விக் ஆன் சே முதன்மைப் போட்டியை அவர் வென்றது 2024 இல் தான்.

வாய்ப்புகளின் பங்கு: உலகப் பட்டத்துக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. எட்டுப் பேர் ஆடும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஒருவரே தேர்வாவார். அரை மதிப்பெண்ணோ ஒரு சமன்முறிப்பு விதியோ ஒருவரின் சில ஆண்டுகளை முடிவு செய்துவிடுகிறது.

‘பெரிய வெற்றி’ என்பதன் பொருள்: உலகப் பட்டம், உயர்ந்த தரப்புள்ளி, நீண்டகால நிலைத்தன்மை ஆகிய மூன்றும் எப்போதும் ஒருவரிடமே அமைவதில்லை. 2024 டிசம்பரில் உலகப் பட்டம் குகேஷிடமும், இந்தியரில் மிக உயர்ந்த தரப்புள்ளி அர்ஜுனிடமும் இருந்தன. எந்த அளவுகோலைக் கொள்வது என்பதற்கேற்ப விடை மாறுகிறது.

கணிப்பின் விளைவுகள்

இத்தகைய கணிப்புகள் வெறும் பொழுதுபோக்காக அமைவதில்லை. ஐரோப்பாவில் நடக்கும் போட்டிகளுக்குச் சிறுவரும் பெற்றோர் ஒருவரும் சென்றுவரும் செலவு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகும். ‘அடுத்த உலக வாகையர்’ எனப் பெயர் பெறுபவருக்கு ஆதரவாளர்களும் சிறந்த பயிற்சியாளர்களும் அழைப்புப் போட்டிகளும் எளிதில் கிடைக்கின்றன. அப்பெயர் கிடைக்காதவர் பள்ளிப் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடிக்கு உள்ளாகிறார். இதனால் கணிப்பே அதன் முடிவை ஓரளவு உருவாக்கிவிடக்கூடும்.

வைஷாலியின் வாழ்க்கை இவ்வகையில் நோக்கத்தக்கது. 2001 இல் பிறந்த இவர் 2012 இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவிலும், 2015 இல் 14 வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவிலும் உலகப் பட்டம் வென்றவர். எனினும் தம்பி பட்டம் பெற்ற 2018 முதல் சில ஆண்டுகள் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்றே பெரிதும் அறியப்பட்டார். 2023 இல், 22 ஆவது வயதில், கிராண்ட்மாஸ்டர் தகுதியை நிறைவு செய்தார். இதன்மூலம் இருவரும் உலகின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆயினர். மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை 2023, 2025 ஆகிய இரு முறையும் வைஷாலி வென்றார்.

ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு மாற்றாக, ஒரு குழுவையே வளர்க்கும் முறை உள்ளது. 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்கக் கழகம் முதற்கட்டமாக நிகால் சரின், ரௌனக் சாத்வானி, குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகிய ஐவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் இவர்களுள் ஒருவர் உலக வாகையர் ஆனார். ஒருவர் உலகக் கோப்பை இறுதிச் சுற்றை அடைந்தார். ஒருவர் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை இருமுறை வென்றார். 2024 இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியாவின் ஆடவர், மகளிர் அணிகள் இரண்டும் தங்கம் வென்றபோது குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகிய மூவரும் அவ்வணிகளில் ஆடினர்.

இவற்றையும் பார்க்க

* எலோ தரப்புள்ளி முறை
* கிராண்ட்மாஸ்டர்
* விசுவநாதன் ஆனந்த்
* உலக சதுரங்க வாகையர் போட்டி 2024
* 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட்